மூன்றாம் முறை அதே ஜரிகைக் கடை

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு முனிர்கா மெட்ரோவுக்கு நடந்தோம். ஜனவரிப் பனிமூட்டத்தில் எதிர்வீட்டு மாடிகூடத் தெரியவில்லை. என் மனைவி ஸ்டெல்லா மூன்று வருடமாக டெல்லியில் நர்ஸ். எனக்கும் இப்போது இங்கேயே வேலை கிடைத்துவிட்டது. நாகர்கோவிலிலிருந்து என்னோடு வந்த ஒன்பது வயது மகள் ஜெனிக்குத்தான் இந்த ஊர் பிடிக்கவில்லை. நாகர்கோவிலில் சித்தி வீட்டிலேயே தங்கிப் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். மனசு மாறாவிட்டால் வெள்ளிக்கிழமை ரயிலில் திரும்பக் கொண்டுபோய் விடவேண்டும்.

"பழைய டெல்லிய பாரு மக்களே, அப்புறம் சொல்லு. எனக்கு அங்க சந்து சந்தா தெரியும்," என்றாள் ஸ்டெல்லா மகளிடம். செவ்வாய்தான் அவளுக்கு வார விடுமுறை. அன்றன்று சுற்றிய இடங்களைப் போனில் அடுக்குவாள். கேட்கும் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

ஹவுஸ் காஸில் வண்டி மாறி, சாந்தினி சவுக்கில் மேலேறினோம். செங்கோட்டை இருக்கவேண்டிய திசையில் வெறும் வெண்மை. ரிக்‌ஷா மணிச்சத்தம் முதலில் வந்தது, ரிக்‌ஷா பிறகு வந்தது. புறாக்கள் எங்கிருந்தோ வந்து எங்கோ கரைந்தன. தெருமுனையில் தௌலத் கி சாட் விற்றார்கள். இரவுப் பனியில் வைத்துக் கடைந்த பால்நுரை, மேலே குங்குமப்பூ. தொன்னை அறுபது ரூபாய். நாக்கில் பட்டதும் காணாமல் போனது.

"நான் தின்னேனா இல்லியாப்பா?" என்றாள் ஜெனி.

பதினொன்றரைக்கு கினாரி பஜார். கல்யாண ஜரிகைகள் தொங்கும் ஒடுங்கிய சந்து. பனி விலகி வெயில் இறங்க, சந்தே தங்கமாக மினுங்கியது. கனவுக்குள் நடப்பதுபோல் ஸ்டெல்லாவின் பின்னால் நடந்தோம். மஞ்சள் தலைப்பாகைக் கடைக்காரர் ஒருவர் சிரித்தார். "தீஸ்ரீ பார், பஹன்ஜி!" மூன்றாவது முறையாக அவர் கடை முன்னால் நிற்கிறோம்.

"எம்மா, ஒனக்கு வழி தெரியாதா?"

ஸ்டெல்லா கடைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். "தெரியாது மக்களே. நானும் இன்னைக்குத்தான் வாரேன்."

"அப்போ போன்ல சொன்னதெல்லாம்?"

"கூட வேல பாக்குறவங்க சொன்னது. லீவுன்னா துணி தொவச்சிட்டு தூங்குவேன். அதச் சொன்னா நீங்க ரெண்டு பேரும் வெசனப்படுவீங்கல்லா."

மிளகாய் நெடி என்று சொல்லலாமென்றால் மிளகாய் மண்டித் தெரு இன்னும் தள்ளி இருந்தது. என் கண் கலங்கியதற்குச் சொல்ல ஒரு சாக்கும் இல்லை. ஜெனி அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். கடைக்காரரிடம் கைஜாடையிலேயே வழி கேட்டு எங்களை வெளியே கூட்டி வந்தாள். அப்புறம் பார்த்த இடமெல்லாம் அவள் கை காட்டிய இடம்தான். கோட்டைக்குள் போக நேரமில்லாமல் போயிற்று.

மாலை ஆறரைக்குத் திரும்பும் மெட்ரோவில் ஸ்டெல்லா மகள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "என்ன முடிவு பண்ணிருக்க மக்களே?"

"மெதுவாப் பேசுப்பா, அம்மா தூங்குதா. அடுத்த செவ்வாய்க்கெழம கோட்டைய பாத்துருவோம். அன்னைக்கி அவள தூங்க விடக்கூடாது."

ஹவுஸ் காஸ் வந்தது. இறங்கி வண்டி மாறவேண்டிய இடம். கதவு திறந்தது, மூடியது. நாங்கள் இருவரும் அசையவில்லை.