மஞ்சள் பென்சில்

எங்கள் முதலாளி துருக்கிக்காரர், கட்டடக் கலைஞர். ஷார்ஜாவில் இரண்டு அறை அலுவலகத்தில் இருந்துகொண்டு தன் தொழிலில் இருப்பவர்களுக்காக ஒரு பத்திரிகை நடத்துகிறார். மொத்தம் மூன்று பேர்தான். எழுதுவதும் எல்லாரோடும் சண்டை போடுவதும் அவர். ஆங்கிலத்தைத் திருத்துவதும் சண்டையைத் தீர்த்து வைப்பதும் யாழ்ப்பாணத்து அக்கா. கட்டட வரைபடங்களைப் பக்கத்துக்கு ஏற்றபடி கம்ப்யூட்டரில் திரும்ப வரைவது நான்.

என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே மாட்டார், 'உஸ்தா' என்பார். அவர் ஊரில் கொத்தனாரையும் தச்சரையும் மரியாதையாக அழைக்கிற சொல்லாம். மரியாதையெல்லாம் அந்த ஒரு சொல்லோடு சரி. நான் கொடுத்த தாளை இரண்டு பென்சிலோடு எடுத்துக்கொண்டு உட்காருவார். சரியாக இருந்தால் மஞ்சள், தப்பென்றால் சிவப்பு. திரும்பி வரும்போது என் தாள் மிளகாய்ப்பொடி கொட்டியது போல இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் பால் ஊற்றாத அவர் ஊர் டீயை எனக்கும் ஒரு குட்டிக் கிளாஸில் ஊற்றி வைத்துவிட்டுத்தான் திட்டவே ஆரம்பிப்பார். அப்படிப்பட்டவரை எப்படி வெறுப்பது?

தான் கட்டிய எதையும் தன் பத்திரிகையில் போடுவதில்லை என்று ஒரு பிடிவாதம் அவருக்கு. போன வருடம், தொழிலாளர் குடியிருப்புகளைப் பற்றிய இதழுக்காக மட்டும் அதை விட்டுக்கொடுத்தார். வளைகுடாவுக்கு வந்த புதிதில் துபாய் சோனாப்பூரில் அவர் வரைந்த கேம்ப் அது. பழைய வரைபடத்தை என் மேஜையில் விரித்து ஆசையாகத் தடவினார்.

"நான் கட்டின டவரெல்லாம் பணம் போட்டவங்க கேட்டது, உஸ்தா. இது ஒண்ணுதான் நான் ஆசைப்பட்டுச் செஞ்சது" என்றார். அவருடைய அரைகுறை இங்கிலீஷும் என்னுடையதும் எங்களுக்குப் போதும்.

அந்தக் கேம்பில் ஆறு வருடம் இருந்தவன் நான். கம்பி கட்ட வந்தவன், சைட் ஆபீஸில் ஒட்டிக்கொண்டு டிராயிங் கற்றேன். பயோடேட்டாவில் அந்த ஆறு வருடத்தையும் 'டிராப்ட்ஸ்மேன்' என்றே போட்டிருந்தேன். அக்காவுக்கு மட்டும் தெரியும். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போகும், கூடவே விசாவும் போகும். மனைவியும் பள்ளிக்கூடம் போகும் மகளும் என் விசாவில்தான் இருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு வரைந்து கொடுத்தேன்.

மறுநாள் தாளைப் பார்த்ததும் கத்தினார். "உஸ்தா! சமையலறைக் கதவு எங்கே?"

புகை வெளியே போகவும் ஆட்கள் காற்றாட உட்கார்ந்து சாப்பிடவும் முற்றத்தைப் பார்த்து ஒரு கதவு வைத்திருந்தார் அவர். நான் அங்கே சுவர் போட்டிருந்தேன். கண்ணெதிரே வரைபடம் இருந்தும், ஆறு வருடம் பார்த்ததைத்தான் கை வரைந்திருக்கிறது.

"அந்தக் கதவு திறந்ததே இல்ல சார். கேம்ப் பாஸ் பூட்டிட்டு, குறுக்க ஃப்ரீஸரை வச்சிட்டான்." யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

பின்னாலிருந்து அக்கா தமிழில் சொன்னார்: "சொல்லிப்போடுங்கோ தம்பி. மறைச்சு வச்சுக்கொண்டு எத்தினை நாளைக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன். பயோடேட்டாப் பொய்யை, முற்றத்தில் பஸ் நிறுத்தியதை, புகை மாடிப்படியேறி அறைக்குள் வந்ததை, இருமிக்கொண்டே தூங்கியதை. அவர் முகம் சுண்டிப்போனது. என் வேலையைவிட அந்த முகம்தான் அப்போது எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

"கலாஸ், முடிஞ்சது" என்று எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டார். அவ்வளவுதான், மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தவர் கையில் அவருடைய பழைய வரைபடத்தின் நகலும் இரண்டு பென்சிலும் இருந்தன. "அந்த ஆறு வருஷத்தை நீ முதல் வரியிலேயே போட்டிருக்கணும், முட்டாள். உட்கார். நீ செக் பண்ணு."

சிவப்பை எடுத்தேன். கதவில் சிவப்பு. முற்றத்தில் சிவப்பு. மாடிப்படியில் சிவப்பு. எத்தனையோ நாள் நான் நின்ற இடத்தில் அவர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

"மஞ்சளுக்கு வேலையே இல்லையா?" குரல் இறங்கியிருந்தது.

மஞ்சளை எடுத்தேன். இரண்டாம் மாடி நடைபாதையில், ஜன்னலுக்குக் கீழே அகலமாக ஒரு திண்டு வைத்திருந்தார். அதை முழுக்கத் தீட்டினேன்.

"ஏன்?"

"ஊருக்கு போன் பேச இங்கதான் சார் உக்காருவோம். என் மக பிறந்த சேதிய இதுல உக்காந்துதான் கேட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். அக்கா டீ போடப் போனார்.

இதழில் நான் கம்ப்யூட்டரில் வரைந்த படம் வரவில்லை. அந்தத் தாளேதான் வந்தது, அத்தனை சிவப்போடும் ஒரே ஒரு மஞ்சளோடும், இரண்டு பக்கத்துக்கு. தாளின் மூலையில் 'சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. எப்போதும் அவர் பெயர்தான் இருக்கும். இந்த முறை அதில், அவர் கையெழுத்தில், ஒரு நாளும் அவர் சொல்லாத என் பெயர் இருந்தது. என் அப்பாவின் இனிஷியலையும் விடாமல் போட்டிருந்தார்.