பாக்கெட் வைத்த நைட்டியும் இரண்டு மாநிலமும்

எனக்குப் பிறந்த வீடு பொறையார். வாக்கப்பட்ட வீடு வரிச்சிக்குடி. நடுவில் நண்டலாற்றுப் பாலம், ஒரு செக்போஸ்ட், பூவத்தில் நாலைந்து ஒயின்ஷாப். பஸ்ஸில் ஏறி டிக்கெட் வாங்கி, கண்டக்டர் மறந்துவிடுகிற மிச்சச் சில்லறையை விடாமல் கேட்டு வாங்குவதற்குள் அம்மா வீடு வந்துவிடும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் வேறு மாநிலத்துக்கு வந்துவிட்டதாக ஒரு நாளும் நினைத்ததில்லை. தமிழ்நாடு, பாண்டிச்சேரி என்பதெல்லாம் பெட்ரோல் விலையிலும் வண்டி நம்பர் பிளேட்டிலும் மட்டும் இருக்கிற சங்கதி என்றுதான் இருந்தேன். நைட்டி விற்கப் போய்த்தான் பாடம் படித்தேன்.

நைட்டிக்கு முன்னால் பதினோரு வருஷம் காரைக்காலில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றேன். வேலை பார்த்தேன் என்பதைவிட நின்றேன் என்பதுதான் சரி. காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் சாப்பாட்டுக்கு அரை மணி போக கடை மூடும்வரை நிற்க வேண்டும். ஆள் வராத மத்தியான நேரத்திலும் உட்காரக் கூடாது. எங்கள் மாடியில் வாடிக்கையாளருக்கு நாற்காலி உண்டு, எங்களுக்கு ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. ஒருநாள் மாதவிலக்கு வலி தாங்காமல் புடவைக் கட்டின்மேல் சாய்ந்துவிட்டேன். சூப்பர்வைசர் கேமராவில் பார்த்துவிட்டு மாடியேறி வந்து, "படுக்க வந்தியா, வேலைக்கு வந்தியா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். அன்றைக்குப் பதில் சொல்லாமல் விட்டதற்கு இன்றைக்கும் என்மேலேயே எனக்குக் கோபம்.

அந்தக் கடையில் கற்றுக்கொண்ட ஒரே உருப்படியான விஷயம், பெண்களுக்கு நைட்டியில் பாக்கெட் வேண்டும் என்பது. கேட்காத ஆள் கிடையாது. போன் வைக்க, சாவி வைக்க, பால்காரருக்குக் கொடுக்கிற காசு வைக்க. கம்பெனிச் சரக்கில் பாக்கெட் இருக்காது, இருந்தாலும் தீப்பெட்டி அளவுக்குத்தான் இருக்கும். நான் வேலையை விட்டதும் வீட்டு முன்னறையில் ஒரு மெஷின் போட்டு, வலது பக்கம் முழங்கை வரை கை போகிற பாக்கெட் வைத்து நைட்டி தைக்க ஆரம்பித்தேன். காரைக்காலில் கொஞ்சம் போனது. பொறையார் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற ஒரு பாய் எடுக்க ஆரம்பித்த பிறகுதான் மெஷின் ஓயாமல் ஓடியது. அவர் கடை இல்லாவிட்டால் என் தையல் வெறும் பொழுதுபோக்குத்தான்.

அரசாங்கம் ஜிஎஸ்டி விகிதங்களைக் குறைத்து மாற்றி அமைத்த வருஷம் அது. தீபாவளிக் கூட்டம் முடிந்த கையோடு, பை நிறைய நைட்டியோடு போய் நின்றேன். பாய் பையைத் திறக்கவே இல்லை.

"தங்கச்சி, இனிமே பில் இல்லாம சரக்கு எடுக்க முடியாது. ரேட்டு மாறுனதுல கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் புதுசா ஏத்துறோம். ஆடிட்டர் ஒவ்வொண்ணுக்கும் பில் கேக்குறாரு."

"அதுக்கென்னண்ணே, நான் எழுதித் தர்றேன்."

"நீங்க எழுதித் தர்ற துண்டுச் சீட்டு பில்லு ஆவாதும்மா. ஜிஎஸ்டி நம்பர் வேணும். நீங்க பாண்டிச்சேரி, நாங்க தமிழ்நாடு."

"அண்ணே, நான் பொறந்ததே உங்க கடைக்குப் பின்னாடித் தெருவுல."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எனக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாதே! பொங்கல் வரைக்கும் உங்க எடத்த அப்படியே வச்சிருக்கேன். அதுக்கு மேலன்னா சூரத் சரக்கு வந்து உக்காந்துக்கும். அப்புறம் என்னைக் கொற சொல்லாதீங்க." பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். பாலத்தைத் தாண்டும்போது முதல்முறையாக அந்தச் செக்போஸ்டை உற்றுப் பார்த்தேன்.

காரைக்காலில் வரி வேலை பார்த்துக் கொடுக்கிற ஒரு பெண்ணிடம் போனேன். என்னைவிடச் சின்னவள், கண்ணாடி போட்டவள், பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. என்னைப் போன்ற சின்ன வியாபாரம் தன் மாநிலத்துக்குள்ளேயே சரக்கு விற்றால் ஜிஎஸ்டி பதிவே தேவையில்லையாம். எல்லை தாண்டி ஒரே ஒரு உருப்படி விற்றாலும் பதிவு கட்டாயமாம்.

"அக்கா, நீங்க மாஹேல விக்கலாம், ஏனாம்ல விக்கலாம். கேரளாவுக்குள்ள போனாலும் ஆந்திராவுக்குள்ள போனாலும் அது நம்ம பாண்டிச்சேரிதான், உள்ளூர். பொறையார் வெளி மாநிலம்."

"எங்கம்மாவுக்கு ஒரு நைட்டி வித்தா?"

"சும்மா குடுத்தா ஒண்ணுமில்ல. வித்தீங்கன்னா வெளி மாநில வியாபாரம்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டை நெருங்கும்போது சிரிப்பு போய் எரிச்சல் வந்தது. ஒரு வருஷமாகப் பெரிய கடத்தல்காரி மாதிரி பையில் நைட்டியை வைத்துக்கொண்டு மாநில எல்லையைத் தாண்டியிருக்கிறேன், அதுவும் ஜன்னலோர சீட்டில் கடலை கொறித்துக்கொண்டு.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. நல்ல மனிதர், ஆனால் தலைவலி வருவதற்கு முன்னாலேயே மாத்திரை போடுகிற ரகம். "எதுக்கு இந்த வம்பு? நம்பர் வாங்கிட்டா அப்புறம் வித்தாலும் விக்காட்டியும் கணக்கு காட்டிக்கிட்டே இருக்கணுமாம். காரைக்காலோட நிறுத்திக்க. பத்தலன்னா உன் பழைய கடையில ஆள் கேக்குறாங்க, போர்டு வச்சிருக்கான்" என்றார்.

"நான் அங்க போயி நிக்க மாட்டேங்க. பிச்சை எடுத்தாலும் உக்காந்து எடுப்பேன்" என்றேன். அவர் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மறுநாளே கேட்ட காகிதங்களைச் சேர்க்க ஆரம்பித்தேன். பான் கார்டு இருந்தது, பேங்க் புத்தகம் இருந்தது. தொழில் நடக்கிற இடத்துக்குக் கரண்ட் பில் கேட்டார்கள். அது என் மாமியார் பெயரில். வீடும் அவர் பெயரில்தான். முன்னறையில் தொழில் செய்து கொள்ள மருமகளுக்குச் சம்மதம் என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

என் மாமியார் கையெழுத்துப் போட மாட்டார். எழுதத் தெரியாமல் இல்லை. மாமனார் இறந்த வருஷம், அவர் கூடப் பிறந்த தம்பி ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து, "பட்டா மாத்தத்தான் அண்ணி" என்று சொல்லி வாங்கிய கையெழுத்தில் கொல்லைப் பக்கத்து நிலம் போய்விட்டது. அன்றிலிருந்து கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம்கூட வேறு யாரையாவதுதான் போடச் சொல்வார். நான் கேட்டதும், "இருக்கிறது ஒரு வீடு. அதையும் எழுதி வாங்கப் பாக்குறியாடி?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் சோறாக்கிப் போட்ட கையைப் பார்த்து இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் வலிக்காது? நாலு நாள் அவரோடு பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு மெஷினை வேண்டுமென்றே வேகமாக ஓட்டினேன். ஐந்தாம் நாள் எனக்கே தோன்றியது: இவரிடம் ஒருவர் காகிதத்தை நீட்டியிருக்கிறார், நானும் அதையேதானே நீட்டினேன்?

பத்திரத்தாளை வாங்கி, வரி பார்க்கிற பெண் சொன்ன வாசகத்தை இங்கிலீஷில் டைப் செய்யாமல் தமிழில் என் கையாலேயே முதலில் ஒரு நோட்டில் எழுதினேன். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன்.

"அத்தை, இதுல உங்களுக்கு எது பயமோ அத சொல்லுங்க. மாத்தி எழுதுறேன்."

அவர் விரலை நீட்டிக்கொண்டு ஆரம்பித்தார். "கெழக்குச் செவுத்தோரம் என் குறுவ நெல்லு மூட்டை இருக்கு. அதுல யாரும் கை வைக்கப்படாது. எழுது."

எழுதினேன்.

"வேணாம்னு தோணுனா எடத்தத் திருப்பிக் கேப்பேன். எழுது."

அதையும் எழுதினேன். அதற்கப்புறம்தான் பத்திரத்தாளில் படியெடுத்தேன். மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தும் பெரிதாகத் தெரியத் தன் பெயரை எழுதினார். "அன்னைக்கி இப்படி ஒருத்தரு படிச்சுக் காட்டியிருந்தா கொல்லை போயிருக்காது" என்றார். நாலு நாள் பேசாமல் இருந்ததை நினைத்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இப்போது சின்ன வியாபாரிகளுக்கு மூன்று நாளில் நம்பர் கிடைக்கிற மாதிரி புது முறை வந்திருக்கிறது என்று அந்தப் பெண் உற்சாகமாகச் சொல்லியிருந்தாள். எனக்கு மூன்று நாளும் போனது, ஆறு நாளும் போனது. கேட்டால், என் ஆதாரில் வீட்டு முகவரி பொறையார். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது எடுத்தது, அப்படியே கிடந்தது. மாற்ற வேண்டும் என்று தோன்றினால்தானே, நான் எங்கேயும் போய்விடவில்லையே! தமிழ்நாட்டுக்காரி பாண்டிச்சேரியில் என்ன தொழில் செய்கிறாள் என்று நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் தருவார்களாம். வாசலில் பெயர்ப் பலகை இருந்தால் நல்லது என்றாள். பெயின்ட் வாங்கி, பழைய கட்டில் பலகையில் "பாக்கெட் வைத்த நைட்டி இங்கே தைத்து விற்கப்படும்" என்று நானே எழுதினேன். எழுத்து கொஞ்சம் சாய்ந்து போனது. அதைச் சுவரில் மாட்டச் சொன்னால் என் வீட்டுக்காரர் நாளைக்கு நாளைக்கு என்று ஆணி தேடிக்கொண்டே இருந்தார்.

மார்கழி பாதிக்கு மேல் போய்விட்டது. பொங்கலுக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், மழைக்கோட்டோடு ஸ்கூட்டரில் ஒரு அதிகாரி வந்து இறங்கினார். தலையைத் துவட்டிக்கொள்ளத் துண்டு கொடுத்தேன். மெஷினைப் பார்த்தார், துணிக் கட்டைப் பார்த்தார். சம்மதப் பத்திரத்தைப் படித்துக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்தி நிமிர்ந்தார்.

"நெல் மூட்டையில கை வைக்கக் கூடாதுன்னு இருக்கே?"

"நாந்தான் எழுதச் சொன்னேன்" என்றார் மாமியார், உள்வாசலில் நின்றபடி. "அந்தா இருக்கு, வேணும்னா எண்ணிக்கங்க."

அவர் எண்ணவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை எடுத்தார். "சரி, இடத்தோட உங்களை ஒரு போட்டோ எடுத்து ஏத்தணும். இப்படி போர்டு பக்கத்துல வந்து நில்லுங்கம்மா." பலகை அறையின் அந்தக் கோடியில் தரையில் சாய்ந்திருந்தது.

மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த நான் எழுந்திருக்கப் போனேன், பழக்கதோஷம். யாராவது நில் என்றால் நிற்கிற உடம்பு. பாதி எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

"நிக்கல சார். இங்கதான் உக்காந்து வேலை பாக்குறேன். உக்காந்தபடியே எடுத்துக்குங்க."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. இந்த ஒரு மனிதர் வேண்டாமென்று எழுதிவிட்டால் பொங்கல் போயிற்று, பொறையார் போயிற்று. அவர் போனைத் தாழ்த்திப் பிடித்துச் சட்டம் பார்த்தார். "உக்காருங்க, அதுல ஒண்ணுமில்ல. ஆனா போர்டும் சேர்ந்து தெரியணுமேம்மா" என்றார்.

யாரும் சொல்லாமல் என் மாமியார் உள்ளே வந்தார். பலகையைத் தூக்கினார். எனக்குப் பின்னால் கிழக்குச் சுவரோரம் அடுக்கியிருந்த தன் நெல் மூட்டைகளின் மேல் அதை நிமிர்த்தி வைத்தார், சாயாமல் இருக்கத் தன் துண்டை மடித்து முட்டுக் கொடுத்தார். "இப்பத் தெரியுதான்னு பாருங்க" என்றார்.

நம்பர் அந்த வாரமே வந்தது. முதல் பில்லைப் போட்டு, பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் பாயின் கடையில் சரக்கை இறக்கினேன். பில்லின் தலைப்பில் பாண்டிச்சேரி, கீழே தமிழ்நாடு, வழியில் அதே கால் மணி நேரப் பஸ். அந்தப் போட்டோ அரசாங்கக் கம்ப்யூட்டரில் எங்கேயோ இருக்கும். யாராவது திறந்து பார்த்தால் தெரியும், அதில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.