தவிட்டுக்கு விற்ற பிள்ளை

என் அம்மா என்னை ஒரு சுளகு தவிட்டுக்கு விற்றுவிட்டாள். பொய்யில்லை. நான் பிறந்து தீட்டுக் கழிந்த அன்று, தென்காசியில் எங்கள் அடுத்த வீட்டு உம்மா குட்டைச்சுவருக்கு அந்தப் பக்கம் நின்று தவிட்டைக் கொடுக்க, இந்தப் பக்கமிருந்து அம்மா என்னைத் தூக்கிக் கொடுத்தாளாம். உம்மா என்னைத் தன் வீட்டுத் தறிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் கிடத்தி வைத்திருந்துவிட்டு, "எம் பிள்ளையை வளத்துக் குடு" என்று திருப்பிக் கொடுத்தாளாம். தவிட்டை எங்கள் எருமை தின்றுவிட்டது. என் மேல் கோபம் வரும்போதெல்லாம் அண்ணன், "ஒன் வெலையை எருமை தின்னுட்டுட்டி" என்பான்.

காரணம் இல்லாமல் இல்லை. அக்காவுக்கும் அண்ணனுக்கும் பிறகு பிறந்த இரண்டு பிள்ளைகள் அம்மாவுக்குத் தங்கவில்லை. அடுத்தவள் நான். விற்ற பிள்ளையைப் பெற்றவள் தன் வாயால் 'என் பிள்ளை' என்று சொல்லக் கூடாது. சொன்னால், முந்தின இரண்டையும் கொண்டுபோனது எதுவோ, அதன் காதில் விழுந்துவிடும். மற்ற வீடுகளில் இதையெல்லாம் ஒப்புக்குச் செய்வார்கள். பிள்ளைக்குத் 'தவிடு' என்று ஒரு பட்டப்பெயரை வைத்துவிட்டு மறந்துபோவார்கள். என் அம்மா எதையும் ஒப்புக்குச் செய்கிறவள் இல்லை.

வளையல்காரர் வந்து "எத்தனை பிள்ளைக தாயி?" என்று கேட்டால், என்னை மடியில் வைத்துக்கொண்டே "ரெண்டு" என்பாள். "அப்பம் இது?" "அடுத்த வீட்டுப் பிள்ளை." அவர் என் மூக்கையும் அவள் மூக்கையும் மாறிமாறிப் பார்ப்பார். அக்காவுக்கும் அண்ணனுக்கும் பேன் பார்த்து, எண்ணெய் தேய்த்து, சண்டை விலக்கி, துரத்திப் பிடித்துச் சோறூட்டி அவள் படுகிற பாடெல்லாம் முற்றத்தில், ஊர் பார்க்க நடக்கும். எனக்கு மட்டும் புறவாசல் கதவைச் சாத்திய பிறகுதான் சோறு. கதவிடுக்கில் யாரோ நிற்பதுபோல் பார்த்துப் பார்த்து உருட்டித் தருவாள். நானும் மென்றபடியே அந்த இடுக்கைப் பார்ப்பேன்.

மத்தியானத் தூக்கத்தில் என் மூக்குக்குக் கீழே ஒரு கை வந்து நிற்கும். ஆடாது, தொடாது. கண்ணைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் வந்ததே இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பேன். உடனே அந்தக் கை என்னைப் போட்டு உலுக்கும். அலறி எழுந்தால் பக்கத்தில் அம்மாதான் வெளிறிப்போய் உட்கார்ந்திருப்பாள். "எம்மா, பேயி" என்பேன். "ஆமா, படு" என்பாள்.

எனக்கு ஆறு வயது இருக்கும்போது குற்றாலத்தில் நல்ல சாரல். அம்மா எங்களைக் குளிக்கக் கூட்டிக்கொண்டு போனாள்; அவள் மைனி என்று கூப்பிடுகிற உம்மாவும் வந்தாள். மேலகரம் தாண்டும்போதே பஸ்ஸுக்குள் சாரல் அடித்தது. அருவிக்கரையில், துணிமூட்டையையும் சோற்றுத் தூக்கையும் குரங்கு கொண்டுபோகாமல் உம்மா காவல் இருந்தாள். அம்மா ஒரு கையில் அக்காவையும் மறு கையில் அண்ணனையும் பிடித்துக்கொண்டு, "நீ உம்மாகூட இரி" என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குப் போனாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உம்மா ஒரு குரங்கை விரட்டத் திரும்பின நேரம், நான் பாறைகளுக்குப் பின்னால் நடையைக் கட்டிவிட்டேன்.

கொஞ்சம் தள்ளிப் போனாலே அங்கே ஆள் சத்தம் கேட்காது. இரைச்சல் ஒன்றுதான். சாரல் புகை மாதிரி மூடியிருந்தது. அதற்குள் ஒரு பெண் பாறையில் உட்கார்ந்திருந்தாள். அம்மா வயதுதான் இருக்கும். "வாட்டி" என்றாள், என்னை நெடுநாள் தெரிந்தவள் போல. அத்தனை இரைச்சலிலும் அவள் மெள்ளச் சொன்னது தெளிவாகக் கேட்டது. பக்கத்தில் போனேன். குற்றாலத்தில் அன்றைக்கு நனையாத மனிதர் கிடையாது; அவள் சேலை மொடமொடவென்று காய்ந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ யாரு பிள்ளை?" என்றாள். சொல்லிக்கொடுத்திருந்ததைச் சொன்னேன்.

"அடுத்த வீட்டுப் பிள்ளை."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பம் ஒங்க அம்மைக்கு நீ வேண்டாமா?"

"வேண்டாமாம்" என்றேன். அன்றிருந்த கோபத்தில் எனக்கு அது உண்மையாகத்தான் பட்டது.

அம்மா தலைவிரிகோலமாக, சொட்டச்சொட்ட ஓடிவந்தாள். எங்களைக் கண்டதும் நின்றுவிட்டாள். என்னைப் பிடித்திருந்த அந்தக் கையையே பார்த்தாள்.

"ஒம் பிள்ளையா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

அம்மாவின் வாய் திறந்தது, மூடியது. சொல்லு, சொல்லு என்று எனக்குள் அடித்துக்கொண்டது. ஒரே ஒரு தடவை சொன்னால் போதும்.

"இல்ல" என்றாள் அம்மா.

"அப்பம் நான் கொண்டு போகட்டுமா?"

சரி என்றால் நான் போய்விடுவேன். என் பிள்ளை என்றாலும் போய்விடுவேன். அந்தப் பெண்ணின் குளிர்ந்த விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின. அம்மா திரும்பி, அருவியின் இரைச்சலை மீறி ஒரு கத்துக் கத்தினாள்.

"மைனீ! ஒங்க பிள்ளையை வந்து கூட்டிட்டுப் போங்க!"

அம்மா அப்படிக் கத்தி அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. உம்மா மூட்டையைக் குரங்குக்கே விட்டுவிட்டு, வெள்ளைத் துப்பட்டி பறக்க, வழுக்கி வழுக்கி வந்து சேர்ந்தாள். அம்மாவின் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். "நான் தவிடு குடுத்து வாங்கின பிள்ளைட்டி இது! எம் பிள்ளை மேல எவட்டி கை வைக்குதா?" என்று சாரலைப் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டே என்னை வாரித் தூக்கினாள். மணிக்கட்டு விடுபட்டது. உம்மாவின் தோள் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். பாறை மட்டும்தான் இருந்தது.

அந்தப் பொம்பளை எங்கே போனாள் என்று பிறகு உம்மாவிடம் கேட்டேன். "எந்தப் பொம்பளை? நான் வரும்போ அங்கன நீயும் ஒங்க அம்மையும்தான நின்னிய" என்றாள். பின்னே யாரை ஏசினீர்கள் என்றதற்கு, "ஒங்க அம்மை மூஞ்சி அப்படி இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள்.

வீடு வரும்வரை அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குப் பயம் பாதி, ஆத்திரம் பாதி. கேட்ட கேள்விக்கு இல்லை என்று சொன்னவள் வீட்டில் எனக்கு என்ன வேலை? தட்டையும் பாவாடையையும் எடுத்துக்கொண்டு உம்மா வீட்டுக்குக் குடிபோய்விட்டேன். அம்மா தடுக்கவில்லை. என் தலையணையைச் சுவருக்கு மேலே நீட்டினாள், என்னிடமில்லை, உம்மாவிடம்.

சாரல் ஓயும்வரை அங்கேதான் இருந்தேன். உம்மா நாலு பேர் முன்னால் என்னை முத்தம் கொஞ்சினாள், எம் பிள்ளை எம் பிள்ளை என்று தெருவெல்லாம் சொன்னாள். ராணி மாதிரி இருந்தேன். ஒரே ஒரு தொல்லைதான். அடுப்பில் போட்டது போட்டபடி அம்மா வந்து சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பாள். என்னைப் பார்க்க மாட்டாள். "மைனி, ஒங்க பிள்ளை சாப்பிட்டாளா?" என்பாள். தின்னாச்சு என்று உம்மா சொன்னதும் போய்விடுவாள். கொஞ்ச நேரத்தில் திரும்ப வருவாள். "மைனி, ஒங்க பிள்ளை இருமுதாளே, வெந்நி குடுத்தியளா?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடுத்த வீட்டுப் பிள்ளை தின்றால் என்ன, இருமினால் என்ன, இந்தப் பொம்பளைக்கு என்ன வந்தது என்று உம்மாவின் மடியில் உட்கார்ந்தபடி முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.