முதல் பேட்ச் கேட்ட பாதிப் போர்

ஒரகடத்தில் பசிக்கும் பேட்ச் உண்டு. எங்கள் கம்பெனியில் முதல் பேட்ச்சுக்குப் பன்னிரண்டு மணிக்குப் பசிக்க வேண்டும், இரண்டாவது பேட்ச்சுக்குப் பன்னிரண்டரைக்கு. நான் இரண்டாவது. பதினொன்றரைக்கே வயிறு கூப்பிட்டாலும் சூப்பர்வைசர் கூப்பிடும்வரை எழுந்திருக்கக் கூடாது. வந்து ஆறு வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. சிவகங்கைப் பக்கம் எங்கள் செம்பொட்டலில் பசித்தால் சாப்பிடுவோம், இல்லாவிட்டால் சும்மா கிடப்போம். மண்ணூரில் நான் குடியிருக்கும் வீட்டு ஓனரம்மாவிடம் இதைச் சொன்னேன். "மதுரையில அப்டித்தானா?" என்று கேட்டார். செம்பொட்டல் மதுரை இல்லை என்று எத்தனை முறைதான் சொல்வது! இங்கிருப்பவர்களுக்குத் தெற்கே இருக்கும் எல்லா ஊரும் மதுரைதான்.

கம்பெனி கேன்டீனில் இந்த வருடம் எச்.ஆர். ஆட்கள் புதன்கிழமைதோறும் மதிய உரை வைத்தார்கள். பாளையக்காரர்கள் வெள்ளைக்காரனை எதிர்த்து நடத்திய விடுதலைப் போரில் ஊர் ஊராக என்ன நடந்தது என்று பேச்சு. தெற்கிலிருந்து வந்தவர்கள் அதிகம் என்பதால் எங்கள் மனசு குளிரட்டுமாம். பேச வந்தவர் ஸ்ரீபெரும்புதூர் வைதேகி மேடம். கல்லூரியில் வரலாறு எடுப்பவர், நன்றாகவே பேசுவார். ஆனால் உரை ஒரு மணி நேரம், எங்கள் சாப்பாடு அரை மணி நேரம். முதல் பேட்ச் போரின் ஆரம்பத்தைக் கேட்டுவிட்டு எழுந்து போகும். நாங்கள் வந்து முடிவைக் கேட்போம். இது சரியில்லை என்று மேடமே சொல்லிப் பார்த்தாராம். ரெக்கார்டில் ஒரு மணி நேரம் என்று போட்டாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். நான் தட்டோடு உட்காரும்போதே யாரையாவது தூக்கில் போட்டுக்கொண்டிருப்பார்கள். என்ன தகராறு, யார் ஆரம்பித்தது, ஒன்றும் தெரியாது. எங்கள் ஊரில் ஒருவர் கதை சொல்லும்போது நடுவில் எழுந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவார். சின்ன வயதில் அதற்காக எரிச்சல்பட்டிருக்கிறேன். அது எவ்வளவு பெரிய மரியாதை என்று இங்கே வந்துதான் தெரிந்தது.

ஐந்தாவது புதன்கிழமை சாப்பிட்டுவிட்டு லைனுக்குத் திரும்பினேன். என் வேலை குவாலிட்டி. காருக்குப் போகிற வயர்க்கட்டில் தப்பு இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, யார் கட்டியது என்று எழுத வேண்டும். அதனால் ஏற்கெனவே என்மேல் யாருக்கும் பெரிய பாசம் கிடையாது. அன்று ஸ்டிக்கரை எடுத்ததும், முதல் பேட்ச்சில் சாப்பிட்டு வந்த லைன் லீடர் பாஸ்கர் சிரித்தார்.

"இன்னா மீனாட்சி, பரம்பரை வேலையா? வெள்ளைக்காரனுக்குக் காட்டுக்குள்ள வழி காட்டிகினு போனது உங்க செம்பொட்டல் ஆளுங்கதானாமே. மேடம் சொல்லிச்சு."

லைனே சிரித்தது. ஆறு வருடம் மதுரைக்காரியாக இருந்தவளுக்கு அன்றுதான் சொந்த ஊர் கிடைத்தது, அதுவும் இப்படி. முன்பு ஸ்டிக்கர் ஒட்டினால் முறைப்பார்கள், இப்போது இளித்தார்கள். "அவங்க ஊரு பழக்கம்" என்றார்கள். குவாலிட்டியில் இருப்பவளின் சொல்லுக்கு மதிப்புப் போய்விட்டால் அந்த வேலையில் வேறு என்ன இருக்கிறது?

ஊரில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "ஏத்தா, அந்தக் காலத்துல எவன் எங்க வழி காட்டுனா ஒனக்கென்ன? இப்ப நம்மூருக்கு பஸ்ஸு வர வழியக் காணோம்" என்று வைத்துவிட்டான். நான் எந்த ஊருக்காக வயிறெரிந்தேனோ அந்த ஊருக்கே அக்கறையில்லை. அப்புறம் வைதேகி மேடத்தின் நம்பரை வாங்கிப் பேசினேன்.

"செம்பொட்டல்தாம்மா. ஆனா வழி காட்டறோம்னு கூட்டிண்டு போய் மூணு நாள் முள்ளுக்காட்டுலயே சுத்த விட்டாளே! அதைத்தானே ரெண்டாவது பாதில சொன்னேன்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த இரண்டாவது பாதியை நான் கேட்டிருந்தேன். ஏமாற்றியது தெரிந்ததும் பட்டாளம் அவர்களைச் சுட்டுக் கொன்றதும், அதற்குள் காட்டில் ஒளிந்திருந்த பெண்டுபிள்ளைகள் தப்பித்துப் போனதும் என் காதில் விழுந்தன. ஊர்ப்பெயரை முதல் பாதியிலேயே சொல்லி முடித்திருந்தார். யாரோ எவரோ என்று நினைத்து, கூட்டில் உப்பில்லை என்ற கவலையில் இருந்தேன். நான் கருவேல விறகு வெட்டிய அதே காட்டில் செத்தவர்கள்.

என் பேட்ச் ஆட்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், "அந்த வாரமா? அப்பளம் போட்டாங்களே!" என்றார்கள். எச்.ஆரில் போய், முதல் பேட்ச்சுக்கு அந்தப் பாதியையும் சொல்லச் சொல்லுங்கள் என்று கேட்டேன். "மேடம் ஷெட்யூல் முடிஞ்சிடுச்சும்மா. அடுத்த புதன் ஃபயர் சேஃப்டி. வேணும்னா சஜஷன் பாக்ஸ்ல எழுதிப் போடு." சூப்பர்வைசர் பேட்ச் மாற்றித் தரமாட்டேன் என்றார். செத்தவர்களுக்காகப் பேசக்கூட இந்த ஊரில் அரை மணி பர்மிஷன் போட வேண்டும். போட்டேன்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு முதல் பேட்ச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேன்டீன் நடுவில் போய் நின்றேன். மைக் இல்லை. முழுதையும் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை, ஒருவர் ரசம் கேட்டார். இரண்டு பேர் மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். எனக்கு அது போதும்.

பாஸ்கர் கை கழுவிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"எனக்குத் தெரியும் மீனாட்சி. அன்னிக்கே ரெண்டாவது பேட்ச்ல ஒருத்தன் சொன்னான்."

"தெரிஞ்சேவா இத்தனை நாள் என்னை அழவிட்டீக?"

அவர் கம்பெனிக்குப் பக்கத்து ஊர்க்காரர். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இந்தக் கம்பெனிக்கு நெலம் அளக்க வந்தப்போ, எங்கப்பாதான் முன்னாடி நடந்து வரப்பு வரப்பா காட்டிகினு போனாரு. இன்னிக்கும் எங்க தெருவுல அவருக்குக் காட்டிக்குடுத்தவன்னுதான் பேரு. லைன்ல பாதிப் பேரு எங்க ஊரு ஆளுங்க. உன்ன சொல்லச் சொல்ல, எங்க வூட்ட மறந்துட்டானுங்க. நமக்குக் கொஞ்சம் நிம்மதியா கீதேன்னு வுட்டுட்டேன்."

எனக்குக் கோபம் போகவில்லை. இன்றும் முழுதாகப் போகவில்லை. ஆனால் அவர் அப்பா அன்று நடந்திருக்காவிட்டால், இந்தச் சம்பளம் வந்திருக்காது, செம்பொட்டலில் எங்கள் கூரை வீடு ஓட்டு வீடாகியிருக்காது என்பது அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. "ஒங்க வயலு எந்த எடத்துல இருந்துச்சுண்ணே?" என்று கேட்டேன்.

அவர் மோவாயால் கீழே காட்டினார். நான் நின்றுகொண்டிருந்த இடம். காலை எடுத்து எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.