சித்தப்பா தேடிய குளிர்

அந்த வருஷம் சித்தப்பாவால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்து, ஆராய்ச்சிப் படிப்புக்காகப் பெங்களூரில் நேர்முகம் போய்வந்து, பதிலுக்குக் காத்திருந்தார். வாசலுக்கும் கொல்லைக்குமாக நடப்பார். பின்னாலேயே நானும் நடப்பேன். நடந்தால்தான் அவருக்குக் கதை வரும்.

எல்லாம் குளிரைத் துரத்தியவர்களின் கதை. எந்த வாயுவையும் வேண்டிய அளவு குளிரவைத்தால் திரவமாகிவிடும் என்று நம்பியவர்களுக்கு ஆக்ஸிஜன் வெகுகாலம் போக்குக் காட்டியதாம். அது பணிந்த பிறகு ஹைட்ரஜன். அதையும் மடக்கியபோது ஹீலியம் மட்டும் முறைத்துக்கொண்டு நின்றதாம். கடைசியில் ஹாலந்துக்காரர் ஒருவர் அதையும் திரவமாக்கினார். அந்தக் குளிரில் பாதரசத்தை வைத்தபோது அதில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடியது.

"அதுக்கும் கீழ போக முடியாதா சித்தப்பா?"

"போகலாம் பாப்பா. அடியில ஒரு பூஜ்யம் இருக்கு. கிட்டக் கிட்டப் போகலாம், தொட மட்டும் முடியாது."

ஒருநாள் காலையில் எங்கள் பசுவுக்குச் சினை ஊசி போட மாட்டாஸ்பத்திரியிலிருந்து ஒருவர் மொபெட்டில் வந்தார். ஊசி மருந்து இருந்த கேனைத் திறந்ததும் வெண்புகை வழிந்தது. உள்ளே இருப்பது திரவ நைட்ரஜன் என்றார் சித்தப்பா. கெஞ்சிக் கூத்தாடி ஒரு டம்ளரில் கொஞ்சம் வாங்கிவிட்டார். எங்களை எட்ட நிற்கச் சொல்லி, இடுக்கியில் ஒரு செம்பருத்திப் பூவைப் பிடித்து அதில் முக்கி, சிமெண்டுத் தரையில் போட்டார். கண்ணாடி போலச் சிதறியது. நான் கத்தியே விட்டேன்.

"ஹீலியத்தோட பார்த்தா இதெல்லாம் அடுப்பு," என்றார். அப்படியொரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமே துபாயிலிருந்து அப்பா எதிர்வீட்டுக்குப் போன் செய்தார். பேசிவிட்டு வந்த அம்மா, சித்தப்பாவுக்கு அங்கே விசா கிடைத்துவிட்டது, இறைச்சி வைக்கும் குளிர்க் கிடங்கில் மேற்பார்வை வேலை, உடனே கிளம்ப வேண்டுமாம் என்றாள். பெங்களூர் பதில் வரட்டும் என்று சித்தப்பா முனகினார்.

"உங்க அண்ணன் யார் யார் காலைப் பிடிச்சு வாங்குனாங்களோ," என்றாள் அம்மா. "அங்கயும் குளிர்தானே தம்பி. நீங்க படிச்சதும் அதுதானே."

எனக்கு அது மிக நியாயமாகப் பட்டது. சித்தப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் சரி என்றுவிட்டார்.

பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ்ஸின் ஜன்னலை எட்டிப் பிடித்துக்கொண்டு, ஹீலியத்தைப் பார்த்ததும் எனக்குப் போன் பண்ண வேண்டும் என்று சொன்னேன். அம்மாவும் சிரித்தபடி, மறக்காமல் பண்ணுங்கள் என்றாள்.

இறைச்சி கெடாமல் வைக்கும் குளிருக்கும் அவர் தேடிய குளிருக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அன்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. தெரிந்த ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, எங்கள் இருவருக்கும் சேர்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.