நெவில் சொல்லும் அவுட்

கிளைவ் ஆல்சாப் என்ன வேலை பார்க்கிறான் என்று இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் அவன் தெருக்காரர்களைக் கேட்டால், "சூதாட்டம்" என்பார்கள். கிளைவ் ஒப்புக்கொள்ள மாட்டான். முதுகுவலியால் பஸ் ஓட்டுவதை விட்ட பிறகு, பதினோரு வருடமாக மாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பந்தயங்களைப் பங்குகள்போல விலைக்கு விடும் பெட்டிங் எக்ஸ்சேஞ்சில் கிரிக்கெட் ஆட்டங்களை வாங்கி விற்கிறான். எந்த அணி ஜெயித்தாலும் அவனுக்கு ஒன்றுதான். ஒரு விக்கெட் விழுந்தால் அணியின் விலை மாறும். அது மாறுவதற்குள் ஒரு பக்கம் பணம் போட்டு, மாறியதும் மறுபக்கம் போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அதற்காகவே உள்ளூர் ரேடியோவைக் காதில் மாட்டிக்கொள்வான். ரேடியோவில் விழுந்த விக்கெட், டிவியில் விழ இருபது நொடி ஆகும். அவன் பிழைப்பு அந்த இருபது நொடிக்குள் நடந்தது. சில நாள் கிடைக்கும், சில நாள் போகும்.

கீழே டிவி முன்னால் அண்ணன் நெவில் இருப்பான். ஊர் கிளப்புக்கு இருபத்திரண்டு வருடம் விக்கெட் கீப்பராக நின்றவன். இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்த பக்கவாதம் வலது கையையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது நாலைந்து வார்த்தை. அதில் ஒன்று 'அவுட்'.

பகலில் அவனைப் பார்த்துக்கொள்ள வரும் டோரீன்தான் முதலில் கவனித்தாள்.

"உங்கண்ணன் மந்திரவாதிதான் கிளைவ். பௌலர் ஓடியே வரல, அதுக்குள்ள அவுட்ங்கிறாரு. அப்புறம் பாத்தா, நெசமாவே அவுட்டு!"

"அத்தன வருஷம் ஸ்டம்புக்குப் பின்னாடி குந்தியிருந்தவனாச்சே. பேட்ஸ்மேன் நிக்கிற தினுசப் பாத்தே சொல்லிடுவான்."

கிளைவ் இதை மதுக்கடையில் எல்லோரிடமும் சொன்னான். அந்த உடம்புக்குள் அண்ணன் இன்னும் இருக்கிறானா என்று அவன் தன்னையே கேட்டுக்கொண்டபோதெல்லாம் கிடைத்த ஒரே பதில் அந்த அவுட்தான்.

ஜூன் மாதம் முதுகு தாங்காமல் புது நாற்காலி ஒன்று வாங்கினான். பழையதைக் கீழே இறக்கி, கவுன்சில் குப்பை வண்டி வந்து எடுத்துப் போகட்டும் என்று நெவில் பக்கத்திலேயே போட்டுவைத்தான். அந்த வாரத்திலிருந்து நெவில் அவுட் சொல்வதை நிறுத்திவிட்டான். தட்டில் தினமும் பாதிச் சாப்பாடு மிஞ்சியது. மூன்று வாரத்தில் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை.

"நாளைக்கு நர்ஸ் வந்து எடை பாக்கப்போறாங்க," என்றாள் டோரீன். "இப்படியே எறங்கிட்டுப் போனா முதியோர் ஹோம்ல சேக்கச் சொல்லிடுவாங்க. எனக்கே பயமா இருக்கு."

அன்று மதியம் கிளைவுக்குக் கை ஓடவில்லை. விற்க வேண்டிய நேரத்தில் வாங்கும் பொத்தானை அழுத்தினான். அடுத்த பந்தில் விக்கெட் போனது. பிறகு மழை வந்து ஆட்டம் நின்றது.

கீழே வந்தான். டிவி அணைந்திருந்தது. நெவில் முன்னால் சாசேஜும் மசித்த உருளைக்கிழங்கும் தொடாமல் இருந்தன. கிளைவ் பழைய நாற்காலியில் தொப்பென்று விழுந்து பின்னால் சாய்ந்தான். நாற்காலி இரண்டு தரம் கிரீச்சிட்டது.

"அவுட்!" என்றான் நெவில். இடது கையால் தட்டை இழுத்து முள்கரண்டியை எடுத்தான்.

கிளைவ் இருண்ட டிவியைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். மெதுவாக முன்னால் குனிந்தான். நாற்காலி ஒரு தரம் முனகியது.

"அவுட்." இந்தத் தடவை குரல் தணிந்திருந்தது. நெவில் முள்கரண்டியை வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினான்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த டோரீன் எட்டிப் பார்த்தாள். "டிவியே ஓடலியே! யாரு அவுட்டு?"

"நாந்தான்," என்றான் கிளைவ்.

விக்கெட் தனக்குச் சாதகமாக விழுந்தால் பின்னால் சாய்வான், பாதகமாக விழுந்தால் முன்னால் குனிவான். இத்தனை வருடத்தில் அவனுக்கே இது தெரியாது. மாடியின் பலகைத் தரைக்குக் கீழே இருந்த நெவிலுக்கு நாற்காலிச் சத்தத்திலேயே தெரிந்திருந்தது. அப்படியானால் ஆட்டத்தைப் பார்த்து அவன் சொல்லவே இல்லையா என்று ஒரு கணம் கிளைவுக்குச் சுருக்கென்றது. பிறகுதான் மீந்த சாப்பாடுகள் நினைவுக்கு வந்தன. தான் தோற்ற நாட்களிலெல்லாம் நெவில் பாதிதான் சாப்பிட்டிருக்கிறான். பசியில்லை போலும் என்று கிளைவ் விட்டிருக்கிறான். புது நாற்காலி சத்தமே போடாது. கிரீச்சே கேட்காததால் மூன்று வாரமும் தோல்விதான் என்று நெவில் நினைத்துக்கொண்டானோ?

"ஏன்ணே, நான் தோத்தா நீ ஏன் பட்டினி கெடக்கணும்? அரை சாசேஜுல என்னத்த மிச்சம் புடிக்கப்போற?"

நெவில் வாயின் இடது ஓரம் சிரித்தது. விரலை மேலே காட்டினான், பிறகு கிளைவைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினான். இன்றைக்கு எப்படி என்று கேட்கிறான். பதினோரு வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை.

ஜெயித்தேன் என்று சொன்னால் சாப்பிட்டுவிடுவான். பொய் சொல்லக் கிளைவுக்கு வாய் வரவில்லை.

"தோத்துட்டேண்ணே. விக்க வேண்டிய எடத்துல வாங்கித் தொலச்சேன். உன் நெனப்பாவே இருந்துச்சு."

நெவில் முள்கரண்டியின் ஓரத்தால் சாசேஜை அழுத்தி இரண்டாக்கினான். ஒரு துண்டைத் தட்டின் விளிம்புவரை தம்பி பக்கம் நகர்த்திவிட்டு, மற்றதை வாயில் போட்டுக்கொண்டான்.

கிளைவ் தன் துண்டைக் கையாலேயே எடுத்துக் கடித்தான்.

"டோரீன்," என்றான் வாய் நிறைய. "இன்னும் நாலு போட்டு வறுங்க."