ஏரிப்பக்கத்து ஜன்னலில் இரண்டு பலகை

போன மழைக்காலத்தில், எதிர்க்கரைக் கல்யாணத்துக்குப் போகும் வழியில் எங்கள் படகு பழவேற்காடு ஏரியில் கவிழ்ந்தது. நெஞ்சளவு தண்ணீர்தான். எல்லோரும் பிழைத்தோம். ஆனாலும் படகுக்கு அடியில் என் மகள் சிக்கிக்கொண்ட அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு இன்னும் முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவள் தன் அறையின் ஏரிப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். பிறகு திறக்கவே இல்லை. திற என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஏரி கண்ணில் படாமல் இருந்தது எனக்கும் நிம்மதிதான்.

மீன் வரும் தெர்மாகோல் பெட்டிகளில் அவள் மணி பிளாண்ட், கற்றாழை, கற்பூரவல்லி எல்லாம் வளர்த்தாள். அந்த இருட்டில் அவை வெளுத்துக்கொண்டே வந்தன. ஒருநாள் பழுத்த இலை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "ஜன்னல்ல பலகை அடிச்சா எல்லாம் பொழச்சிக்கும்மா" என்றாள்.

ஜன்னலில்! அவள் மனம் மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று என் கணவரைத் துரத்தினேன்.

எங்கள் வீடுகளில் எதையும் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவதுதான் வழக்கம். அவரும் பழைய படகுப் பலகையை இழைத்து, வலைக்கயிற்றில் முடிச்சுப் போட்டு, ஜன்னல் மேல்கம்பியில் தொங்கவிட்டார். பெட்டிகளை அடுக்கிவிட்டு ஜன்னல் கதவைத் திறந்தார். ஏரிக்காற்று உள்ளே பாய்ந்தது. பலகை ஆடியது, பெட்டிகள் ஒருபக்கமாக நகர்ந்தன.

"படகு மாதிரியே ஆடுது நைனா."

"ஆடாம இன்னா பண்ணும்? காத்து வருதுல்ல?" என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அவள் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கி வைத்தாள். ஜன்னலைச் சாத்திவிட்டாள். அவர் கயிற்றை அறுத்தார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஆரம்பாக்கம் போனேன். இரும்புக்கடையில் இருந்ததிலேயே கனமான எல் ஆங்கிள்களை, சுவரில் அடித்துப் பலகையைத் தாங்கவைக்கும் இரும்புகளை, பொறுக்கினேன்.

"இன்னாக்கா, டிவி மாட்டவா?" என்றார் கடைக்காரர்.

"செடி வைக்க."

"செடிக்கா இம்மாங் கனம்?"

"ஆடவே கூடாதுண்ணே!" நான் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கமாக இல்லை. சிறு பிள்ளை போலப் பையை ஆட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பக்கத்து வீட்டு டிரில் மெஷினை இரவல் வாங்கிக்கொண்டு என் கணவர் ஸ்டூலில் ஏறினார். உப்புக்காற்றில் ஊறிய சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது. "ஒயர் ஈரத்துல படுது, பார்த்து! ஸ்டூல் சாயுது!" என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன்.

"ஏம்மே, மொதல்ல நீ மூச்ச வுடு. செவுரே பயப்படுது."

மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

உதிராத இடம்வரை துளைத்து, மேலே ஒரு பலகை, கீழே ஒன்று அடித்தார். பலகைமேல் தட்டில் தண்ணீர் வைத்து மட்டம் பார்த்தோம். என் கணவர் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிக் காட்டினார். மகள் இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். அசையவில்லை. மறுபடி உலுக்கினாள். "ஆடல!" என்று நான்தான் முதலில் கூவினேன்.

ஆனால் மேல்பலகையின் நிழல் கீழ்ப்பலகையில் விழும். எந்தச் செடி மேலே, எது கீழே? எங்கள் ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதை ஊர் ஆண்கள் முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதைப் பாடு என்பார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாது.

"செடிக்கும் பாடு போட்டுடலாம். தெனம் மாத்தி வெக்கலாம்" என்றாள் மகள்.

"பொம்பளைங்க பாடு போட்றதா? ஊர்ல கேட்டா எனக்கு அபராதம்டி!"

"நீ போய் எறா புடி நைனா. இது என் ஏரி."

தினம் மாற்றி வெயில் காட்டுவதென்றால் தினம் ஜன்னலைத் திறக்க வேண்டும். அது தெரிந்துதான் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

விடிந்ததும் அவர் ஏரிக்குப் போய்விட்டார். அவள் அறையில் கொக்கி நகரும் சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். கற்றாழைப் பெட்டியை இடுப்பில் இடுக்கியபடி, ஒரு கையால் ஜன்னல் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். திறந்ததும் ஏரி முழுவதும் வெயில். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"ம்மா, இன்னிக்கு இதுக்குப் பாடு. மேல வெக்கணும், புடி."

இரண்டு கையாலும் பிடித்தேன்.